மூன்றாவது கட்டில்

பல்கலைக் கழக விடுதியில் நாம் வாழ்ந்த அறையிலே நான்கு கட்டில்கள் இருந்தன. மூன்றாவது கட்டிலுக்குரிய நண்பன் மலையகத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வந்தவன். தாய் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்திலே வாங்கிய தகரப் பெட்டியொன்றே அவனது உடைமை. அத்தோட்டத்திலிருந்து பல்கலைக் கழகம் புகுந்த முதல்வன் அவனே.

விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஒரு நாள் வகுப்பிலே எழுந்து விடைகூற முயன்றவன், ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்துவிட்டான். வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்தோம்.

அதன்பின் அவன் அந்த வகுப்புக்கு வரவில்லை. சில வாரங்களில் எந்த வகுப்புக்குமே வரவில்லை. பகலெல்லாம் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பான். "என்ன மச்சான்?" என்றால், "ஒன்னுமில்ல, தலைவலி" என்பான். அதை நம்புவது நமக்கு வசதியாயிருந்தது. காதல் தோல்வி என்றார் ஒருவர். சோம்பல் என்றார் இன்னொருவர். வரவு குறைந்துவிட்டதென்று அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏன் குறைந்ததென்று கேட்க ஒருவரும் வரவில்லை. இரண்டாம் ஆண்டின் நடுவிலே தகரப் பெட்டியுடன் அவன் ஊர் திரும்பினான்.

இதைத் தனியொருவனின் மனப்பலவீனம் என்று தள்ளிவிட முடியுமா? இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோ 1970களிலேதான். ஒரு தலைமுறைக் காலத் தாமதத்தின் சுமையைத் தன்னந்தனியே சுமந்து வந்தவன் அவன். வாயிலைத் திறந்துவிடுவது வேறு. உள்ளே வந்தவனுக்கு அதைத் தன் வீடாக்குவது வேறு. முன்னதற்காகப் போராடிய நாம் பின்னதை மறந்துபோனோம்.

"மனத்தைரியம் வேண்டும்" என்று உபதேசிப்போர் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்கு நம் நாட்டின் வரலாறே விடை கூறும். 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாயிருந்தது. பின்னர் அது பாதிக்கும் கீழாக இறங்கியது. உபதேசத்தால் அன்று, கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையே அதன் முதன்மைக் காரணம். சூழலை மாற்றினால் உயிர்கள் பிழைக்கும் என்பதே இதன் பாடம். 1998 இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. அதே ஆண்டிலேதான் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டமும் நிறைவேறியது. ஆயின் ஏட்டிலுள்ள சட்டம் விடுதி அறைக்குள் தானாக நடந்து வருவதில்லை.

அங்கே செல்லவேண்டியவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களுமே. மூன்று நாள் வராதவனின் பெயரை விரிவுரையாளர் கவனிக்கட்டும். கடிதத்துக்கு முன்னே ஓர் ஆள் போகட்டும். துயருற்றவன் தன் தாய்மொழியிலே பேசக்கூடிய பயிற்சிபெற்ற ஆலோசகர் ஒவ்வொரு பீடத்திலும் இருக்கவேண்டும். உதவித்தொகைக்காகக் கொடிபிடிக்கும் மாணவர் சங்கங்கள் இதையும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் விடுதிச் சுவர்களிலே எழுதப்படட்டும். வைத்தியரை நாடுவது வெட்கமன்று என்பதை, நாடிப் பயன்பெற்றவர்களே எடுத்துச் சொல்லட்டும்.

பல ஆண்டுகளின் பின் புறக்கோட்டைப் புடைவைக் கடையொன்றிலே அவனைக் கண்டோம். தேநீர் அருந்த அழைத்துச் சென்றான். வீடு, பிள்ளைகள் என்று பேச்சு நீண்டது. எழும்போது, கோபமேதுமின்றிக் கேட்டான்:

"அன்னைக்கு நீயும் சிரிச்ச, இல்ல?"

ஆம் என்றோம். தேநீருக்கான காசை அவனே கொடுத்தான்.