ஒத்துவராது

தினம், கணம் தொடங்கி ரஜ்ஜு, வேதை ஈறாகச் சோதிடர் பார்ப்பது பத்துப் பொருத்தம். தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்குப் பத்து ஒப்புமைகளை எண்ணுகிறார். பிறப்பும் ஆண்டும் அவற்றுள் உண்டு. கூடவே அருளும் உணர்வும் உண்டு. உரைகாரர்கள் பொருந்தாக் காமம் என்று விளக்கும் பெருந்திணையையும் அவர் தள்ளிவிடவில்லை. கடைசியில்தான் என்றாலும், ஏழு திணைகளுள் ஒன்றாக இடமளித்தார்.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலை நான் படித்தது டில்லியில். (அவரும் டில்லி வானொலியில் பல்லாண்டு பணியாற்றியவரே; 1982-இல் மறைந்தார்.) தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவிடம் பாபு கொண்ட காதலைப் பற்றியே வாசகர் ஓயாது பேசுவர். எனக்கோ, அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் விலகிப்போனதே நெஞ்சில் தைத்தது. அழகிலும் அறிவிலும் குறை காண இயலாதவள். தாய் மராட்டியக் குலத்தவள் என்பதே குறை. அப்படி ஒரு கூடத்தில் என் அக்காள் நின்றதைப் பார்த்தவன் நான்.

அக்காள் வளர்ந்தது கரோல்பாக்கில். 1974-ஆம் ஆண்டுக் கோடையில் தஞ்சைப் பக்கத்தில் மூன்று இடங்களில் பெண் பார்த்தார்கள். மூன்றிடத்திலிருந்தும் இன்லண்டு கடிதம் வந்தது. பெண் வடக்கே வளர்ந்தவள், எங்கள் குடும்பத்திற்கு ஒத்துவராது என்பதே சாரம். அவள் பேசிய தமிழில் ஹிந்தி வாடை வீசியதாம்! தந்தையார் மறுபேச்சின்றி அவற்றைப் பஞ்சாங்கத்தினுள் செருகி வைத்தார். இனி மணம் பேச வேண்டாமென்று சொல்லிவிட்டு அக்காள் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தாள்.

இவ்வளவையும் கண்ட நான் 2012-இல் என்ன செய்தேன்? என் மகனுக்குத் திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பொருத்தம் நன்றாகவே இருந்தது. பெண் பட்டதாரி, ஆனால் ஹிந்தி அறியாள், ஊரை விட்டு வெளியே வந்தவளும் அல்லள். டில்லி வாழ்க்கை அவளுக்கு ஒத்துவராது என்று பதில் எழுதினேன். தொலைபேசியில் சொல்லத் துணிவில்லை.

எங்களோடு வசிக்கும் அக்காளிடம் கடிதத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை அணிந்து இருமுறை படித்தாள். முகத்தில் சினமில்லை.

“பெண் பேர் என்னடா?” என்று மட்டும் கேட்டாள்.

திருப்பி அனுப்ப உறையிலிட்டிருந்த ஜாதகத்தை வெளியே எடுத்துப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது.