கொலுப் பெட்டியில் ஒரு யுத்தம்

நெமிலிச்சேரியை நீங்கள் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம். திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில், பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே வருகிற ஸ்டேஷன். சென்ற ஞாயிறன்று அங்கே அத்தை வீட்டில் ஒரு யுத்தமே நடத்திவிட்டு வந்தேன். பயப்படாதீர்கள், சாப்பாட்டு மேஜையின் மேல்தான்!

"கொலு முடிஞ்சு எத்தனை நாளாச்சு! பாண்டு சிப்பாய்களை ஏண்டி வெளியே எடுக்கிறே?" என்றாள் அத்தை.

விஷயம் இதுதான். இவ்வூருக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு ஓடுகிறது. 1780 ஆகஸ்டு 25-ஆம் தேதி, கர்னல் பெய்லி கும்பினிப் படையுடன் அதன் வடகரைக்கு வந்தார். ஆற்றில் தண்ணீர் அதிகமில்லை, அன்றே கடந்திருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாமென்று கூடாரம் அடித்தார். இரவோடு இரவாக வெள்ளம் வந்துவிட்டது! ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார். அதற்குள் ஹைதர் அலியின் மகன் திப்பு வழிமறிக்க வந்துவிட்டார். செப்டம்பர் 10-ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்தன, படை அழிந்தது. சிறைப்பட்ட பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார்.

அன்று மாலையே ஆற்றைக் கடந்திருந்தால்? அதைப் பார்க்கத்தான் இந்த ஆட்டம். எதிராளி வேண்டியதில்லை. பச்சைப் போர்வை வயல். நீலத் துணி ஆறு. தையல் டேப்பால் அளந்து, முறைக்கு ஆறு அங்குலம் படையை நகர்த்த வேண்டும். திப்புவின் முறை வந்தால், அவர் செய்யக்கூடிய ஆறு காரியங்களை எழுதி வைத்துக்கொண்டு பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண் எதுவோ, அதுதான் திப்புவின் உத்தரவு! இங்கிலீஷ் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மை யுத்தத்துக்கு விதிகள் எழுதிப் புத்தகமே போட்டார். மறு வருஷமே நிஜமான உலக யுத்தம் மூண்டது.

இரண்டு ஆட்டம் ஆடினேன். முதல் ஆட்டத்தில் பெய்லி அன்றே ஆற்றைக் கடந்து, காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோவின் படையுடன் சேர்ந்துகொண்டார். இரண்டாவதில் வெள்ளம். மேஜை முழுவதும் சிவப்புச் சட்டைகள் சாய்ந்து கிடந்தன. திப்பு ஜெயித்ததில் எனக்கு ஒரே குதூகலம்.

"இதிலே வெள்ளைக்காரன் எத்தனை பேர்?" என்று கேட்டாள் அத்தை.

"சில நூறு பேர்தான் அத்தை. மற்ற ஆயிரக்கணக்கான பேரும் நம் நாட்டுச் சிப்பாய்கள்."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சாய்ந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தாள். இரண்டு கட்சியையும் பழந்துணியில் சுற்றி, ஒரே பெட்டியில் படுக்க வைத்தாள். அடுத்த நவராத்திரிக்கு எல்லாரும் சேர்ந்துதான் பாண்டு வாசிக்க வேண்டும்.