மோரே வரைக்கும் போன பை



நம்ம சுவர் இதழில் பயணக் கட்டுரை என்றால் ஊட்டி, ஏற்காடு, முட்டுக்காடு என்றுதான் வரும். படிக்க ஜாலியாக இருக்கும். நான் எழுதுவது கொஞ்சம் வேற மாதிரி. பையைத் தூக்கிக்கொண்டு நாட்டு எல்லை வரைக்கும் போனவர்கள் எங்க குடும்பத்தில் மூணு தலைமுறையாக இருக்கிறார்கள்.

எங்க வீடு எர்ணாவூர். எங்க தெருவில் முக்கால்வாசிப் பேர் பர்மாவிலிருந்து வந்த குடும்பம்தான். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டிருப்பீர்கள். வெங்காயம், முட்டைகோஸ், பேஜோ எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பார்களே, அது எங்க வீட்டில் ஞாயிற்றுக்கிழமை டிபன். ஆனால் அது எப்படி நம்ம ஊருக்கு வந்தது என்று நிறைய பேருக்குத் தெரியாது.

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்துவிட்டது. அங்கே பிறந்து வளர்ந்த தமிழர்கள் கப்பல் கப்பலாக மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். எங்க ஆயாவுக்கு அப்போ 19 வயசு. "ஒரு டிரங்கு பெட்டி, ஒரு ஜமுக்காளம், கட்டின துணி. அவ்ளோதான் கண்ணு. காதுல கெடந்தத கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே கழட்டி வாங்கிட்டாங்க" என்று ஆயா சொல்லும்.

ஆயாவின் தம்பி கூடவே வந்தார். அவருக்கு மெட்ராஸ் ஒத்து வரவில்லை. அங்கே இருந்தப்போ 'கலா' என்று சொல்லி விரட்டினார்களாம். இங்கே வந்தால் 'பர்மாக்காரன்' என்று சிரித்தார்களாம். இரண்டு வருஷம் கூலி வேலை பார்த்துவிட்டு, இன்னும் நாலு பேரோடு சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார். ரயிலில் அஸ்ஸாம் போய், மணிப்பூர் மலையைத் தாண்டி, நடந்தே பர்மாவுக்குத் திரும்பிவிடுவது! 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தப்போ லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிர் தப்பி நடந்து வந்தார்களே, அந்த வழிகளில் ஒன்றுதான் இது. இவர்கள் அதில் திரும்பி நடந்தார்கள்.

எல்லையில் பர்மா ராணுவம் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டது. மெட்ராஸுக்கு வரக் கையில் காசு இல்லை. அப்படியே தங்கின ஊர்தான் மோரே. மணிப்பூரில், பர்மா எல்லையை ஒட்டி இருக்கிறது. இவரைப் போலவே பல குடும்பங்கள் அங்கே தங்கிவிட்டன. இன்றைக்கும் மோரேயில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது, இட்லி கிடைக்கிறது!

2022 டிசம்பர் அரையாண்டு லீவில் அப்பாவும் நானும் அந்தத் தாத்தாவைப் பார்க்கக் கிளம்பினோம். என் ஸ்கூல் பேக்கில் புத்தகத்தை எடுத்துவிட்டு ஆயா கட்டிக் கொடுத்தது என்ன தெரியுமா? காசிமேட்டு நெத்திலிக் கருவாடு ரெண்டு கிலோ! ரயிலில் இரண்டு ராத்திரி. பக்கத்து சீட்டில் இருந்தவங்க மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொல்லி மாளாது. அப்போ மேல் பெர்த்திலிருந்து ஒரு குரல், "இன்னா பா, நெத்திலியா?" மணலி பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிற அஸ்ஸாம் அண்ணன் அவர். லீவுக்கு ஊருக்குப் போகிறார். பையை வாங்கி இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டுச் சுற்றித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். குவாஹாட்டியில் இறங்கினதும் தன் பஸ்ஸை விட்டுவிட்டு, எங்களுக்கு பஸ் கிடைக்கும் வரைக்கும் கூடவே நின்றார். இப்பவும் தீபாவளிக்கு அப்பாவுக்குப் போன் செய்கிறார்.

அதுக்கப்புறம்தான் கஷ்டம். 2020 ஜனவரியிலிருந்து மணிப்பூருக்குள் போக வெளி மாநிலத்துக்காரங்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். சொந்த நாட்டுக்குள்ளேயே ஒரு சீட்டு! போட்டோ, ஆதார் நகல், மறுபடி கியூ என்று அரை நாள் போச்சு. இம்பாலிலிருந்து மோரே 110 கிலோமீட்டர்தான். ஆனால் மலை ரோடு. வழியில் எல்லாரும் இறங்கிப் பையைத் திறந்து காட்ட வேண்டும். கருவாட்டைப் பார்த்த ஜவான் ஒருத்தர் சிரித்துவிட்டு, "சென்னையா? நான் தூத்துக்குடி" என்றார். அங்கே போய்த் தமிழைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மோரே தாத்தா வீட்டில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தது. ஒன்று நம்ம டைம். இன்னொன்று ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுகிற பர்மா டைம். முன்பெல்லாம் காலையில் கேட்டில் பாஸ் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய், சாமான் வாங்கிக்கொண்டு சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாமாம். 2020 கொரோனாவில் மூடின கேட், அடுத்த வருஷம் பர்மாவில் மறுபடி ராணுவ ஆட்சி வந்துவிட்டதால் நாங்கள் போனப்போவும் மூடியே இருந்தது. 3,000 கிலோமீட்டருக்கு மேல் வந்தும் அந்தப் பக்கக் கடைகளின் தகரக் கூரையைத்தான் பார்க்க முடிந்தது. தாத்தா சொன்னார், "நான் அன்னிக்கு நின்ன எடத்துலதான் நீயும் நிக்கிற. என்னா, ஒன்ன யாரும் துப்பாக்கியால தள்ளல."

ஆயா தனாகா கட்டை கேட்டிருந்தது. பர்மாவில் முகத்துக்குப் பூசுவது. கேட் மூடியிருக்கே, எங்கே வாங்குவது என்று முழித்தோம். பக்கத்துக் கடை அம்மா குக்கி இனத்தவர். தன் வீட்டிலிருந்த கட்டையை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பதிலுக்கு நெத்திலியில் பாதியைக் கொடுத்தோம். ரொம்ப சந்தோஷம் அவருக்கு.

தாத்தாவின் பேரனுக்கு என் வயசுதான். முறைக்கும் மச்சான், பழக்கத்திலும் மச்சான். அவன் அம்மா நேபாளி. தமிழ், மெய்தேய், இந்தி, நேபாளி, பர்மா பாஷை என்று அஞ்சு பாஷை பேசுவான். அவனுக்கு இரண்டு உயிர் நண்பர்கள். ஒருத்தன் மெய்தேய், ஒருத்தன் குக்கி. நாலு பேரும் மூணு நாள் விடாமல் ஃபுட்பால் ஆடினோம்.

2023 மே 3-ஆம் தேதி மணிப்பூரில் மெய்தேய், குக்கி மக்களுக்கு நடுவே கலவரம் வெடித்தது. இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் போனும் கிடைக்கவில்லை. ஆயா சாப்பிடவே இல்லை. மூன்றாவது நாள் மாமா பேசினார். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், வீடு எரிந்துவிட்டது என்றார். மோரேயில் இருந்த மெய்தேய் குடும்பங்கள் ஊரைவிட்டே போய்விட்டன. சண்டை தமிழர்களோடு இல்லை. ஆனால் தீ ஆள் பார்த்து எரியுமா?

ஜூன் மாசம் மச்சானும் அவன் அம்மாவும் எர்ணாவூருக்கு வந்தார்கள். ஒரே ஒரு பை. ஆயா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டது. அவன் இங்கே ஒன்பதாவது படித்தான். முதல் நாளே "நீ நேபாளியா? சீனாவா?" என்று கேட்டார்கள். 'இல்ல, எர்ணாவூர்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன். ராத்திரியில் தன் நண்பர்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்வான். அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்ள முடியாது. ஒருத்தன் இம்பாலில், ஒருத்தன் மோரேயில். "அவன் எப்படி இருக்கான்?" என்று இவனிடம்தான் இரண்டு பேரும் கேட்பார்கள். எர்ணாவூரில் உட்கார்ந்துகொண்டு அவன்தான் தபால்காரன்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தில் எண்ணெய் கலந்து நம்ம பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். டி.வி.யைத் தூக்குவதா, பீரோவைத் தூக்குவதா என்று நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். மச்சான் ரேஷன் கார்டு, சர்டிபிகேட், ஆயாவின் மாத்திரை, ஒரு போர்வை எல்லாவற்றையும் என் ஸ்கூல் பேக்கில் அடைத்துத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். இரண்டே நிமிஷம். பதினாலு வயசுப் பையனுக்கு இது தெரிந்திருக்கிறதே என்று அம்மா அழுதது.

2024 மே மாசம் அவன் திரும்பிப் போனான். தாத்தா மோரேயை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். "ரெண்டு தடவ ஊர் மாறியாச்சு, மூணாவது தடவ முடியாது" என்பது அவர் பேச்சு.

நண்பர்களே, எல்லையில் கேட்டை எப்போ திறப்பது, எப்போ மூடுவது என்பதெல்லாம் நம்ம கையில் இல்லை. ரயிலில் ஒருத்தர் பையை வாங்கி வைத்துக்கொள்வது நம்ம கையில் இருக்கிறது. மணலி, எண்ணூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்திருக்கிற பீகார், ஒடிசா, அஸ்ஸாம் ஆட்களின் பிள்ளைகள் நம்ம பக்கத்துப் பள்ளிகளில் படிக்கிறார்கள். நம்ம வகுப்பிலும் இரண்டு பேர் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பையில் என்ன கொண்டு வந்தார்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். நானும் போன வாரத்திலிருந்து அந்த பெஞ்சில்தான் உட்காருகிறேன். இடம் இருக்கிறது, வாங்க!



இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்