இரு கரையும் ஒரு படையும்

சேன் நதியின் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கிப் போனால் முதலில் வரும் பெருநகரம் ரூவான். வைக்கிங்குகள் 841இல் அதை எரித்தார்கள். அவர்களுடைய கப்பல்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் பிராங்க் அரசு தடுமாறியது என்பார்கள். நதியின் போக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ரூவானிலிருந்து பாரிசுக்கு நேர்க்கோட்டில் சுமார் 110 கிலோமீட்டர். நதிவழியே அதைப்போல் இரு மடங்கு, அத்தனை வளைவு. நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடுகிறவனைக் குதிரைக்காரன் எளிதில் முந்திவிடுவான். பிராங்குகளின் சிக்கல் வேறு: நதி அவர்கள் படையை இரண்டாகப் பிளந்தது. 845இல் 120 கப்பல்கள் வந்தபோது, எந்தக் கரையையும் விட மனமில்லாத மன்னர் வழுக்கையர் சார்லஸ் இரு பக்கமும் படையை நிறுத்தினார். வைக்கிங்குகள் சிறிய பாதியை முறியடித்து, 111 கைதிகளை மறுபாதியின் கண்ணெதிரே தூக்கிலிட்டார்கள். பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அதற்கு வழியில்லை. முடிவில் 7,000 பவுண்டு வெள்ளி கைமாறியது.

ரூவானுக்குச் சற்று மேலே, ஆந்தெல், யூர் ஆறுகள் சேனில் கலக்கும் பீத்ரில் சார்லஸ் 862இல் தொடங்கிய கோட்டைப் பாலம் இந்தப் பிளவுக்கான மருந்து. கப்பலுக்கு அது தடை; காவல் படைக்கோ கரை மாறும் சாலை. 885இல் வைக்கிங்குகள் அதையும் தாண்டினார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாலத்துக்குக் காவல் வேண்டும், காவலருக்குச் சோறு வேண்டும். சார்லஸ் 877இல் இறந்தபின் எட்டு ஆண்டுகளில் நான்கு மன்னர்களைக் கண்ட நாட்டில் அதை யார் பார்ப்பது?

பாலத்தின் பயனைப் பாரிசில் பார்க்கலாம். தீவு நகரம், கரைக்கொரு பாலம், காக்க ஓடோ பிரபுவும் கோஸ்லின் ஆயரும். வைக்கிங்குகள் பாரிசை முற்றுகையிட்டதை நேரில் கண்ட துறவிக் கவிஞர் ஆப்போ எதிரிகள் 40,000 பேர் என்கிறார்; கவிஞர் கணக்கு, விட்டுவிடலாம். 886 பிப்ரவரி வெள்ளம் தென்பாலத்தை அடித்துக்கொண்டு போனதும், அக்கரைக் கோபுரத்திலிருந்த 12 பேருக்கு உதவி எட்டவில்லை, கோபுரம் வீழ்ந்தது. பாலம் நின்ற வடகரைக் கோபுரம் வீழவில்லை. பின்னர் மன்னர் பருத்த சார்லஸ் 700 பவுண்டு தர ஒப்புக்கொண்டு, பர்கண்டிக்குப் போகவும் அனுமதித்தார். அப்போதும் பாரிஸ்காரர்கள் பாலத்தடியில் வழிவிடவில்லை. வைக்கிங்குகள் கப்பல்களைத் தரையில் இழுத்து, நகரைச் சுற்றிக்கொண்டு மேல்நீரில் இறக்கினார்கள். யோன் ஆற்றில் திரும்பி சாங்ஸ் நகரை முற்றுகையிட்டார்கள். சேனோ தெற்கே லாங்கர் பீடபூமியை நெருங்க நெருங்கச் சிற்றாறாகிவிடுகிறது. அங்கே இரு கரையையும் ஒரே படை காக்கலாம்.