பாதத்தின் பரிபாஷை

தொழிலுக்குத் தொழில் ஒரு பரிபாஷை உண்டு. கடலோடிக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, கந்தோர்க் குமாஸ்தாவுக்கு ஒன்று. அவற்றுள் சில அச்சேறி அகராதியில் இடம் பெறுகின்றன. பல, அவற்றைப் பேசிய மனிதரோடு சுடலைக்குப் போய்விடுகின்றன. எது அச்சேறுகிறது, எது சுடலைக்குப் போகிறது என்பது சொல்லின் அழகைப் பொறுத்த விஷயமன்று. அதனைப் பேசியவன் எந்தப் படலையால் உள்ளே வர அனுமதிக்கப்பட்டான் என்பதைப் பொறுத்தது.

ஈழத்துத் தமிழாசிரியர்களாகிய நாம் கலைச்சொல் விஷயத்தில் சற்றுப் பெருமை பாராட்டுகிறவர்கள். 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டபோது விஞ்ஞானம் தமிழில் நடமாடத் தொடங்கியது. தமிழ்நாட்டு நண்பர் 'நிறை' என்று சொல்வதை நாம் 'திணிவு' என்கிறோம். அவர் 'எடை' என்பதை 'நிறை' என்கிறோம். இரு கரையினரும் சேர்ந்து ஒரு பௌதிகக் கணக்கைச் செய்யப் புகுந்தால் முதலில் ஒரு சச்சரவு நடந்தே தீரும். ஆனால் 'உராய்வு' என்ற சொல்லில் இரு கரைக்கும் பிணக்கில்லை. சாய்தளத்தில் ஒரு மரக்குற்றியை வைத்து, அது எப்போது வழுக்கத் தொடங்குகிறது என்று காட்டி, நிலையியல் உராய்வு என்றும் இயக்க உராய்வு என்றும் நாம் ஆண்டாண்டாகப் படிப்பித்து வருகிறோம். பிள்ளைகள் எழுதுகிறார்கள், புள்ளி பெறுகிறார்கள். அந்தச் சொல் அவர்கள் உள்ளங்காலுக்கு இறங்கியதா என்று எந்தப் பரீட்சகரும் கேட்பதில்லை.

அது உள்ளங்காலுக்கு இறங்குவதை நாம் கண்டது வகுப்பறையிலன்று. ஊர்காவற்றுறையில், கூரையில்லாத ஒரு வீட்டில்.

1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி இராணுவத்தின் வசமானபோது மக்கள் பெயர்ந்து போனார்கள். யாழ்ப்பாணத்துக்கும், வன்னிக்கும், பிறகு கடல் கடந்து ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் போனார்கள். போனவர்களுட் பலர் திரும்பவில்லை. ஓடும் கதவும் வளையும் மரமும் எங்கெங்கோ போய்விட, சீமெந்துத் தரை மாத்திரம் இருந்த இடத்தில் இருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன், தன் பாட்டனார் கட்டிய அத்தகைய வீட்டின் தரையைக் கூட்டித் துப்புரவாக்கி, விறாந்தையின் ஓரத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காலில் ஒரே நேர்கோட்டில் நான்கு சில்லுகள் பூட்டிய சப்பாத்து. சுற்றிலும் எமது மாணவர் பத்துப் பன்னிருவர்.

சில்லுச் சப்பாத்து எமக்கு முற்றிலும் புதிதன்று. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டெம்பரில் சீனாவின் பெய்தைஹே நகரில் 1000 மீற்றர் ஓட்டத்தில் உலக வெற்றியாளரான செய்தியைப் பலரும் படித்திருப்பார்கள். ஆனால் அது வேகத்தின் கலை. பையன் பழகியது வேறொரு கிளை. படிக்கட்டின் ஓரம், கைபிடிக் கம்பி, மதிலின் விளிம்பு ஆகியவற்றின்மீது பாய்ந்தேறி, சில்லு உருளாமல், சப்பாத்தின் அடியாலேயே உராய்ந்து வழுக்கிச் செல்லும் கலை அது. ஆங்கிலத்தில் 'கிரைண்ட்' என்பர். அரைத்தல் என்று பொருள். அம்மியை நினைக்க வேண்டியதில்லை. கல்லின்மீது பொருள் உரசும் அந்த ஓசையைக் கேட்டவனுக்குப் பெயர்க்காரணம் விளங்கிவிடும்.

அந்தச் சப்பாத்தைக் கையில் வாங்கிப் பார்த்தோம். வேக ஓட்டத்துக்குரியதைவிடச் சில்லுகள் சிறியவை, கடினமானவை. இரண்டாம் சில்லுக்கும் மூன்றாம் சில்லுக்கும் நடுவில் வேண்டுமென்றே விட்ட ஓர் இடைவெளி; கம்பி அதற்குள் வந்து அமரும். பாதத்தின் வெளிப்புறத்தில், சட்டத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கடினமான பிளாஸ்ரிக் அடித்தகடு. இவ்விரண்டு இடங்களில் எது விளிம்பில் படுகிறது, எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே, உடல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பவற்றைக் கொண்டே பெயர்கள் பிறக்கின்றன.

விளிம்பை எதிர்நோக்கி ஏறி, இரு கால்களின் இடைவெளியும் அதன்மேல் அமர்ந்தால் 'ஃப்ரொன்ட்சைட்'. விளிம்பு முதுகுப் பக்கம் இருக்க ஏறினால் 'பாக்சைட்'. முன்கால் இடைவெளியில் குறுக்காகவும், பின்கால் அடித்தகட்டில் விளிம்போடு ஒத்தும் இருந்தால் 'சோல்'. அதையே கால் மாற்றி, முன்காலை அடித்தகட்டிலும் பின்காலை இடைவெளியிலும் வைத்தால் 'மிசூ'. அடித்தகட்டில் ஒரு கால் மாத்திரம் நிற்க, மற்றக் கால் அந்தரத்தில் தொங்கினால் 'மக்கியோ'. பாதத்தை விளிம்புக்கு மேலாகக் கடத்தி அப்பக்கமிருந்து அடித்தகட்டை இருத்தினால், பெயருக்கு முன்னால் 'ரொப்' என்ற அடை சேரும். பின்னோக்கி வழுக்கும்படி உடலைத் திருப்பி ஏறினால் 'அலி-ஊப்' என்ற அடை. இலக்கணம் படித்தவர்கள் இதில் பெயரையும் அடையையும் பிரித்தறிவது எளிது. அடைகளை மாற்றி மாற்றிச் சேர்த்து, முன் எவரும் செய்யாத ஒரு வித்தையைக்கூடச் செய்வதற்கு முன்பே பெயர் சொல்லி அழைக்கலாம். தொல்காப்பியம் படிப்பித்த எமது சக ஆசிரியர் ஒருவர் இதனைக் கேட்டு, "இது புணர்ச்சி விதியல்லவா!" என்று வியந்தார்.

'சோல்' என்பதை எப்படித் தமிழாக்குவது என்ற விவாதம் அன்றே எழுந்தது. அடித்தகட்டின் பெயரை எழுதும்போது அவர்கள் ஆன்மாவுக்குரிய எழுத்துகளையே எழுதுகிறார்கள். காதில் கேட்கும்போதோ அது உள்ளங்காலுக்குரிய சொல்லாகவும் ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஓசை. ஆன்மாவையும் உள்ளங்காலையும் ஒரே ஓசைக்குள் அடக்கிய அந்தச் சிலேடையைத் தமிழுக்குக் கொண்டுவர எம்மால் இயலவில்லை. 'அலி-ஊப்' இன்னும் வேடிக்கையானது. அது பிரெஞ்சு நாட்டுச் சர்க்கஸ்காரர் பாய்வதற்கு முன் எழுப்பிய கூச்சல். அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக்காரர் அதனை எடுத்தாண்டனர்; இன்று சில்லுச் சப்பாத்துக்காரர் வாயிலும் வழங்குகிறது. கூடாரத்தில் கூலிக்குப் பாய்ந்தவனின் மூச்சிலிருந்து புறப்பட்ட சொல் அது. எந்தக் குழுவும் கூடி அதனை ஆக்கவில்லை.

பையன் படிப்பித்த முறையும் கவனத்துக்குரியது. எடுத்தவுடன் பாயவிடவில்லை. முதலில் விறாந்தை ஓரத்தில் ஏறி, வழுக்காமல், அந்த நிலையிலேயே அசையாது நிற்கவேண்டும். முழங்கால் மடிய, இடுப்புத் தாழ, நிறை முழுவதும் விளிம்புக்கு நேர் மேலே இருக்கவேண்டும். பயந்தவன் பின்னுக்குச் சாய்வான். சாய்ந்தால் கால் முன்னே ஓடிவிடும், முதுகு தரையில் அடிபடும். அப்படிப் பல நாள் நின்று பழகிய பின்னரே சிறிது வேகமெடுத்து, விளிம்புக்குச் சற்றே சரிவாக வந்து ஏறுவது. "கீழ பாக்கக் கூடாது சேர். கால் எங்க எண்டு காலுக்குத் தெரியும். முடியிற இடத்தைத்தான் பாக்கோணும்" என்றான். அவன் தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறியது. இந்த வாக்கியம் மாத்திரம் தடுமாறவில்லை. தலைக்கவசமும் முழங்கால் உறையும் இல்லாமல் ஒருவரையும் அவன் ஏறவிடவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும்.

இந்த விளையாட்டின் சரித்திரத்தில் எமது வாசகர்கள் அறியவேண்டிய ஒரு பகுதி உண்டு. 1980 இல் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில், பனித்தரை ஹொக்கி ஆடிய ஸ்கொட் ஒல்சன், பிரென்னன் ஒல்சன் என்ற சகோதரர்கள் இவ்வகைச் சப்பாத்தைத் திருத்தி விற்கத் தொடங்கினர். அவர்கள் கம்பனியின் பெயரே விளையாட்டின் பெயராக வழங்கலாயிற்று. 1995 இல் ஒரு பெரிய தொலைக்காட்சிக் கம்பனி நடத்திய 'எக்ஸ்' போட்டிகளில் இது இடம்பெற்றது. விளம்பரம் வந்தது, பணம் வந்தது. 2000களின் நடுப்பகுதியில் இலாபம் வேறு பக்கம் தெரிந்தது. போட்டியிலிருந்து இதனை எடுத்துவிட்டார்கள். மூலதனம் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. ஆனால் விளையாட்டு சாகவில்லை. ஆடியவர்களே சிறு சிறு பட்டறைகளாகச் சேர்ந்து சட்டமும் சில்லும் செய்துகொண்டார்கள். 2000 ஆம் ஆண்டளவில் ஏற்பட்ட ஒரு பொது அளவுமுறை இதற்குப் பெரிதும் உதவிற்று: ஒரு கம்பனியின் சப்பாத்தில் இன்னொரு கம்பனியின் சட்டத்தைப் பூட்டலாம் என்றாயிற்று. தொலைக்காட்சி கைவிட்ட பின்னும் மிசூவும் மக்கியோவும் வாய்க்கு வாய் வழங்கிவந்தன. அவை ரொறன்ரோவின் சீமெந்தில் ஓர் அகதியின் பேரனுக்குக் கிடைத்தது அவ்வாறுதான்.

அந்த வளவுக்கு ஒரு நாள் முதியவர் ஒருவர் வந்தார். ஒரு காலத்தில் சீவல் தொழில் செய்தவர். வேலியோரம் நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு பையனை நோக்கி, "தம்பி, இடதுகால் பிந்துது. இடுப்பை இன்னும் பதி" என்றார். பையன் திடுக்கிட்டான், அது சரியான திருத்தம். பாதத்தின் விளிம்பு எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்பது அவருக்கு நாற்பது வருஷப் பாடம். 30 மீற்றர் வரை உயரக்கூடிய பனையில், இரு பாதங்களையும் தளைநாரால் பிணைத்து, காலையும் மாலையும் ஏறி இறங்கியவர். பையனுக்கு உராய்வு குறைய வேண்டும், அதற்காகத்தான் மெழுகுதிரி. அவருக்கோ உராய்வு கூடவேண்டும். தளைநார் கால்களை விலகவிடாது தடுக்க, உள்ளங்கால்கள் மரத்தை இருபுறமும் நெருக்கும், அந்த நெருக்கமே உடலின் நிறையைத் தாங்கும். நாம் சாய்தளத்தில் மரக்குற்றி வைத்துக் காட்டிய இருவகை உராய்வும் அன்று ஒரே முற்றத்தில் எதிரெதிரே நின்றன. அவருக்குத் தலைக்கவசம் இருக்கவில்லை. தவறி விழுந்தோர் எத்தனை பேர் என்பதை எந்தச் சொற்றொகுதியும் கணக்கெடுக்கவில்லை.

தளைநார், முட்டி, பாளைக்கத்தி என்ற பொருள்களின் பெயர்கள் எமக்கும் தெரியும். அவை வீட்டு மொழியில் வழங்குபவை. காலை எப்படி வைப்பது, மூச்சை எங்கே விடுவது, மழை நனைத்த மரத்தில் என்ன செய்வது என்பவற்றுக்கு அவர் வாயில் வந்த சொற்கள் எம்மில் ஒருவருக்கும் தெரியாதவை. தமிழாசிரியர் மூவர் அங்கே இருந்தோம். ஒரே கிராமத்தில், ஒரே மொழியில், எங்கள் வேலிக்கும் அவர்கள் வேலிக்கும் இடையே ஒரு தலைமுறைச் சொல் முழுதும் நடந்து வர வழி இருக்கவில்லை. அவர் இறக்கிய கள்ளும் பதநீரும் வீட்டுக்குள் வந்தன; அவர் பாதம் படலைக்கு வெளியே நின்றது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த போராட்டத்தை நினைவுகூர்கிறவர்களுக்கு, பாதம் எங்கே மிதிக்கலாம் என்ற கேள்வி வெறும் விளையாட்டுக் கேள்வியன்று என்பது தெரியும். சில்லுச் சப்பாத்துக்காரர் கண்டுபிடித்த கால்வைப்புக்கு உலகெங்கும் பெயர் நின்றுவிட்டது. நூற்றாண்டுக் கணக்காகப் பனையேறியவன் கண்டுபிடித்த கால்வைப்புக்கு அவனது சாதிப் பெயரைத் தவிர வேறு பெயரை நாம் வைக்கவில்லை.

எமது பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பரிபாஷை அறவே இல்லையென்று சொல்லமாட்டோம். கிளித்தட்டு இருக்கிறது. மண்ணிற் கீறிய கோடுகளில் நின்று மறிப்பவர். நடுக்கோட்டிலும் ஓடும் உரிமை பெற்ற 'கிளி'. தட்டுகளைக் கடந்து போய்த் திரும்பும் 'பழம்'. அதற்குச் சீமெந்தும் வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அதுவே பெரிய ஆறுதல். அங்கே சுண்ணச் சாந்தில்லாமல் முருகைக்கல் அடுக்கிய மதில்கள் அழகானவைதான். ஆனால் அந்தக் கல்லில் எந்தச் சில்லும் உருளாது, எந்தத் தகடும் வழுக்காது. வழுவழுப்பான ஒரு தரை என்பது கூலியும் சீமெந்தும் படகுச் செலவும் சேர்ந்த பண்டம். குறிகட்டுவானிலிருந்து ஒரு மூடை சீமெந்து நெடுந்தீவுக்குப் போய்ச் சேரும்போது அதன் விலை என்னவாகிறது என்று அங்குள்ள எந்த மேசனையும் கேட்டுப் பார்க்கலாம். கனடாவில் நகரசபை கட்டிக்கொடுக்கும் ஆடுதளம் இங்கே இல்லை. போர் கூரையை எடுத்துக்கொண்டு விட்டுவைத்த தரைதான் இருக்கிறது.

பையன் புறப்படுவதற்கு முந்திய வாரம் மாணவர்கள் ஒரு கொப்பியில் இரண்டு பட்டியல்களை எழுதினார்கள். இடப்பக்கம் சில்லுச் சப்பாத்துச் சொற்கள். வலப்பக்கம் முதியவரைக் கேட்டுக் கேட்டு எழுதிய ஏறுசொற்கள். இடப்பக்கத்தைத் தமிழாக்கவேண்டும் என்று ஒரு கட்சி, அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு கட்சி. 'முன்முகம்', 'பின்முகம்' இரண்டும் ஒருவாறு ஏற்கப்பட்டன. 'மக்கியோ' தமிழாகாமலே தப்பிவிட்டது. அதற்குத் தமிழ் ஓசையே இருக்கிறது என்று சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாதாடினார்கள். வலப்பக்கத்தை எழுதும்போது முதியவர், "இதெல்லாம் ஏன் பிள்ளையள்?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். பட்டியலின் தலைப்பில் தமது பெயரைப் போடவேண்டாம், தகப்பனாரின் பெயரைப் போடுங்கள் என்றும் சொன்னார். அப்படியே போடப்பட்டிருக்கிறது.

கடைசி நாள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சப்பாத்தைக் கேட்டு வாங்கினாள். அளவு பெரிது, முன்பக்கத்தில் சீலைத்துண்டு திணித்துக்கொண்டாள். பொடியன்கள் சிரித்தார்கள். விறாந்தை ஓரத்தில் ஏறி, முன்கால் குறுக்கே, பின்கால் அடித்தகட்டில், இடுப்பைப் பதித்து நின்றாள். எமது கைக்கடிகாரத்தில் இருபத்தொரு வினாடி. பின்னர் வேலியோரம் இருந்த முதியவரைத் திரும்பிப் பார்த்து, "அப்பு, எப்பிடி?" என்று கேட்டாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பின்கால் சரி. முன்காலுக்குப் பயம் போகேல்லை" என்றார். அவள் மறுபடி ஏறினாள்.