கயிறு யார் கையில்?

உங்க டீமுக்கு ரெண்டு கேப்டன் இருந்திருக்காங்களா? எங்க இ-பைக் டீமுக்கு இருந்தாங்க, டிபார்ட்மென்ட்டுக்கு ஒருத்தர். ஒரு ஸ்குரூ வாங்கவும் ரெண்டு பேரும் ஓகே சொல்லணும். போட்டி அன்னைக்கு வண்டி நகரவே இல்லை.

அப்புறம்தான் நூமி பத்திப் படிச்சேன். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஆலை, 1984-ல் டொயோட்டாவுடன் கூட்டாகத் திறந்தது. பங்கு பாதிக்குப் பாதி. ஆனா ஆலையை நடத்தியது டொயோட்டா. பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்கள்தான். முன்பு லைனை நிறுத்தினால் திட்டு விழும். கூட்டு ஆலையா ஆனதும், கோளாறு தெரிஞ்சா யார் வேணும்னாலும் கயிற்றை இழுக்க முடிஞ்சது. தரம் ஏறிடுச்சு.

ஒரே கேப்டன் இருந்திருந்தா நாங்க ஜெயிச்சிருப்போமா? எனக்குச் சந்தேகம்தான். ஒயரிங் தப்புன்னு எங்க ஜூனியருக்கு முதல் நாளே தெரியுமாம். அவன்கிட்ட யாருமே கேட்கலை. நானும்தான்.