துடைப்பது நம் வேலை

முழங்கால் தேய்ந்துபோனவர்களுக்குச் சொந்த வீட்டு மாடியே எட்டாக்கனி ஆகிவிடும். என் மனைவிக்கு அப்படி ஆனபோது, பிள்ளைகள் சேர்ந்து மாடிப்படியில் ஸ்டேர் லிஃப்ட் போட்டுக் கொடுத்தார்கள். படிகளின் மேலேயே கால் ஊன்றி நிற்கும் ஒரு தண்டவாளம். அதில் ஏறி இறங்கும் ஒரு நாற்காலி. மாடியில் இருக்கும் பூஜை அறையும் பால்கனித் துளசியும் அவளுக்கு மறுபடி கிடைத்தன.

நம்மைச் சுமக்கிற எதையும் நாமும் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும். இந்த நாற்காலி அதிகம் கேட்பதில்லை. உள்ளே இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் இருக்கின்றன. அதனால் கரண்ட் போனாலும் நடுவழியில் நிற்காமல் வந்து சேர்ந்துவிடும். ஆனால் தண்டவாளத்தின் மேல்கோடியிலோ கீழ்க்கோடியிலோ போய் நின்றால்தான் அவற்றுக்குச் சார்ஜ் ஏறும்.

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு ராத்திரி ரிமோட்டை அழுத்தி விளையாடிவிட்டு, நாற்காலியை நடுப்படியில் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான். காலையில் அது 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டிருந்தது. மகன் குரலை உயர்த்தினான். என் மனைவி, "அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பேரனைப் பக்கத்தில் அழைத்து, கீழ்க்கோடியில் சார்ஜ் ஏற்றும் சின்ன உலோகப் பட்டையைக் காட்டினாள். "படுக்கப் போறதுக்கு முன்னால இது இங்க வந்து சேர்ந்துச்சான்னு நீதான் பாக்கணும், கண்ணா." விடுமுறை முடியும்வரை அவன் ஒரு நாள்கூட மறக்கவில்லை. திட்டு வாங்கியவன் ஒளிந்துகொள்வான். பொறுப்பு வாங்கியவன் நிமிர்ந்து நிற்பான்.

துடைப்பது என் பங்கு. முதலில் சுவிட்சை அணைத்துவிடுவேன். பிறகு உலர்ந்த துணியால் தண்டவாளத்தை மேலிருந்து கீழாகத் துடைப்பேன். அதில் வரிசையாகப் பற்கள் உண்டு. நாற்காலிக்குள் இருக்கும் பல்சக்கரம் அவற்றைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது. உதிர்ந்த முடி, பூக்காம்பு, ஊதுபத்திச் சாம்பல் எல்லாம் அந்த இடுக்கில்தான் போய் உட்காரும். எங்கள் வீட்டில் முன்பெல்லாம் படிகளை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். இப்போது நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி. தண்ணீரும் மின்சாரமும் ஒரே படியில் இருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடு தையல் மெஷின் எண்ணெய் கொண்டுவந்தார். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். கிடைத்த எண்ணெயை விட்டால் தூசி அப்பிக்கொள்ளும். எந்த கிரீஸ், எவ்வளவு என்பது வருடாந்தர சர்வீஸுக்கு வருபவருக்குத் தெரியும்.

வாரத்தில் ஒரு நாள், ஆள் இல்லாத நாற்காலியைக் கீழே வரவிட்டு, தரையில் நின்றபடியே கால்பலகையின் விளிம்பைக் கைத்தடி முனையால் லேசாக அழுத்துவேன். உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மெக்கானிக் வரும்வரை யாரும் உட்காரக் கூடாது. படியில் செருப்பு கிடக்கக் கூடாது. முந்தானையை மடியில் செருகிக்கொண்டு, பெல்ட் போட்ட பிறகே பொத்தானைத் தொட வேண்டும். மேலே போனதும் இருக்கையைத் திருப்பி, அது பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்ட பிறகே எழுந்திருக்க வேண்டும். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஏற்ற இது சுமைவண்டி அல்ல. மடியில் குழந்தையும் வேண்டாம்.

இளவயதில் ஸ்க்ரூடிரைவரைக் கண்டாலே என் கை துறுதுறுக்கும். ரேடியோ, மின்விசிறி, மேஜைக் கடிகாரம் எல்லாவற்றையும் திறந்து பார்த்தாக வேண்டும் அன்று. இந்த நாற்காலியின் மூடியை மட்டும் நான் திறந்ததே இல்லை. வெளியே துடைப்பது என் வேலை. மோட்டாரும் வயரும் தெரிந்தவர் வேலை.

பிள்ளைகளின் குடும்பமும் அப்படித்தான் என்று இந்த வயதில் தோன்றுகிறது. தினமும் ஒரு விசாரிப்பு, ஒரு நல்ல வார்த்தை, வழியில் கிடக்கும் தடங்கலை எடுத்துப் போடுவது, இவை நம் பங்கு. உள்ளே திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஏதோ சரியில்லை என்று தெரிந்தால், சொல்ல வேண்டியவரிடம் சொன்னால் போதும். கை வைக்க வேண்டிய இடத்தில் சோம்பாமலும், வைக்கக் கூடாத இடத்தில் பொறுமையாகவும் இருக்கத் தெரிந்துகொண்டால், முதுமையில் நாம் யாருக்கும் பாரமில்லை.